மேனேஜர் எழுதிய மருந்து

"எங்க மேனேஜர் மோந்து பார்த்தே மருந்து எழுதுவார். டாக்டருக்கே எழுதுவார்" என்றார் குதிரைக்காரர், நரைத்த மீசையைத் தடவியபடி.

டாக்டர் கைத்தடியை லாயத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷமாக மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். இப்படியொரு புளுகை எந்த லாயத்திலும் கேட்டதில்லை. மேனேஜர் என்பது இருபத்து நாலு வயதுக் குதிரை. மூட்டுவாதம் வந்ததிலிருந்து, அவர் படுத்து எழுந்திருப்பதற்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம்.

சவாரிப் பள்ளி முதலாளியம்மா காலையில்தான் கெடு வைத்திருந்தார். நாற்பது நாளில் மேனேஜர் மேட்டு மைதானத்துக்கு ஏறிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேன் வரும்; வேனில் போன குதிரை திரும்பி வந்ததில்லை.

"வேன் வந்தா டயருக்கு அடியில நான் படுத்துக்குவேன்" என்ற குதிரைக்காரர், சத்துத்தூள் டப்பாக்கள் மூன்றை வரிசையாக வைத்தார். "இதுல குதிரை பறக்குற மாதிரி படம் போட்டிருக்கு. இதையே கொடுத்துடலாமா?"

"படத்தையா திங்கப்போறார் உங்க மேனேஜர்? உள்ள என்ன இருக்கு, எத்தனை கிராம் இருக்குன்னு எதுல போட்டிருக்கோ அதை எடுங்க. தினமும் மெதுவா நடத்தவும் செய்யணும்."

மேனேஜர் படம் போட்ட டப்பாவின் மேல் தும்மினார். இரண்டாவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறும் எழுத்தாக இருந்த மூன்றாவதில் மூக்கை வைத்தார்.

"பார்த்தீங்களா?"

"தற்செயல்" என்றார் டாக்டர்.

அடுத்து வந்தது சிக்கல். மேனேஜர் பந்தயத்தில் ஓடிய காலத்தில் யாரும் கள்ள மருந்து வைத்துவிடக் கூடாதென்று குதிரைக்காரர் பழக்கிய பழக்கம்: கொடுக்கிறவர் முதலில் தின்ன வேண்டும், பிறகுதான் மேனேஜர் வாயைத் திறப்பார். யார் கையால் வாங்கினாரோ, அவர் கயிறு பிடித்தால்தான் நடப்பார்.

"சொன்னது நீங்க. முதல் வாய் உங்களோடது."

"நான் என்ன குதிரையா?"

"பயமா, டாக்டர்?"

அந்த ஒரு சொல் போதும். டாக்டர் ஒரு சிட்டிகைத் தூளை வாயில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். முதல் நாள் இருவரும் முதல் வளைவிலேயே நின்று, ஊருக்கே கேட்கும்படி மூச்சு வாங்கினார்கள். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் டாக்டர் வந்து நின்றார். அதற்கு மறுநாளும் வந்தார்.

நாற்பதாம் நாள் வேன் வந்தது. மேகம் தலையில் இடிக்கும் அந்த மேட்டில் மேனேஜர் ஏறினார், நின்றார், வேனைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைத்தார், இறங்கியும் வந்தார். வேன் காலியாகத் திரும்பியது.

"எல்லாக் குதிரைக்கும் இந்தத் தூளையே வாங்கிடலாமா?" என்றார் முதலாளியம்மா லாயத்தில்.

"பின்னே? நான் சொன்ன மருந்தாச்சே" என்றார் டாக்டர்.

குதிரைக்காரர் தயங்கித் தயங்கித் தீனித்தொட்டியை நகர்த்தினார். பின்னால் தூள் கட்டிகட்டியாகக் காய்ந்து கிடந்தது. "காலைல கழுவும்போதுதான் பார்த்தேன். மேனேஜர் ஒரு நாள்கூட முழுங்கலை. வாயில வாங்கி, திரும்பி நின்னு துப்பியிருக்கார்."

"அப்புறம் எப்படி ஏறினார்?"

"நடந்து நடந்துதான், அம்மா. அது கிடக்கட்டும், டாக்டர். உங்க கைத்தடி எங்கே?"

டாக்டர் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். என்றைக்கோ சாய்த்து வைத்த தடியில் சிலந்தி வீடு கட்டி, குடியேறி, பேரன் பேத்தியும் எடுத்திருந்தது.

முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"ஒத்துக்கிறேன், பெரியவரே. மேனேஜர் எனக்குத்தான் எழுதியிருக்கார்."