அடியில் இருக்கும் எண்ணெய்

தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்த அம்மா, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நிற்கிறாள். கிண்ணத்தின் அடியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, வேகவைத்த கோதுமையால் மூடுகிறாள். மேலே வெள்ளரி, தக்காளி, கொண்டைக்கடலை, எலுமிச்சைச் சாறு. பார்வைக்கு ஒரு பாவமும் அறியாத கிண்ணம். "எண்ணெய் ஊத்தினியாம்மா?" என்கிறாள் மகள். "சொட்டுகூட இல்லடி கண்ணு." போன வருஷம், மகள் இப்போது கட்டியிருக்கும் இதே பாவாடையைப் பிரித்துத் தைக்கும்போது, "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லடி குண்டம்மா" என்று கடையில் நாலு பேர் முன்னால் சிரித்ததும் இதே வாய்தான். நாக்கில் சனி குடியிருந்த நாள் அது. அன்றிலிருந்து மகள் எண்ணெயைத் தொடுவதில்லை; இப்போது அந்தப் பாவாடை நழுவாமல் இடுப்பில் நிற்பதே ஓர் ஊக்கின் தயவில். மகள் அடிவரை கிளறுகிறாள். விளக்கு வெளிச்சத்தில் கோதுமை மணிகள் மினுமினுக்கின்றன. அவள் கோபப்படவில்லை. "ரெண்டு ஸ்பூனா, மூணாம்மா?" என்று மட்டும் கேட்கிறாள். அம்மாவின் கை, கழுத்திலிருந்து நாடாவை மெல்ல உருவி முதுகுக்குப் பின்னால் மறைக்கிறது.