பக்கத்து சீட்

டெஸ்ட் லாம்ப் அணைய மாட்டேன் என்றது. கரண்ட் அறுபடும் இடத்தில் அது அணைந்தால்தான் கோளாறு பிடிபடும். அவள் ஒயரை இழுத்தாள், ஆட்டினாள், கோபத்தில் ஒரு தட்டும் தட்டினாள். ஊஹூம்.

ஊரில் எந்த வண்டிக்கு ஒயரிங் கோளாறு வந்தாலும் கடைசியில் அவள் கடைக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டுக்காரரின் கார் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு நிறம், இரண்டே சீட், அவளைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். அவர் ஓட்டிப் போனால் நடுரோட்டில் நிற்கும். அவள் ஓட்டினால் நிற்காது. இருவரும் சேர்ந்து போனாலும் நிற்காது.

“உன்னைக் கண்டா அதுக்கும் பயம்,” என்பார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் காரை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. அவரோடு வார்த்தை முற்றி மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் மனம்விட்டுப் பேசுவதே அதனோடுதான்.

மகன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அவளும் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் உயரத்துக்கென்றே சொல்லிச் செய்த நீளக் கட்டில் விரிப்பில்லாமல் கிடக்கிறது.

இன்று காலையும் கார் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டதாம்.

“நான் தனியாத்தான் போனேன். கொஞ்சம் தள்ளினதும் கிளம்பிடுச்சு,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார்.

அவள் கடையைத் திறக்கவில்லை. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வீட்டு வாசலிலேயே காரைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒயர் பொய் சொல்லாது. சொன்னால் மனுஷன்தான் சொல்ல வேண்டும்.

பொசுக்கென்று நிற்கிறது, பழுது பார்க்காமலே கிளம்புகிறது என்றால் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விட்டுவிட்டுப் போகிறது. பம்ப் காரின் பின்பக்கம். அதற்குப் போகும் ஒயர், பக்கத்து சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டுக்குள் ஓடுகிறது.

பம்பின் முனையில் லாம்பை மாட்டிவிட்டு, கார்ப்பெட்டை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தாள். சீட்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் லாம்ப் கண் சிமிட்டியது.

“மாட்டினியா!” என்றாள்.

கார்ப்பெட்டை உரித்தாள். ஒயரில் பழைய ஜாயின்ட் ஒன்று. அதன்மேல் சீட்டின் இரும்புச் சட்டம் அழுத்திய பள்ளம். பளபளவென்று புதிதாக இருந்தது.

ஆனால் சீட்தான் முன்னால் இருக்கிறதே? அவள் குள்ளம். அவள் உட்காரும் சீட் எப்போதும் முன்னால்தான் இருக்கும்.

சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாள். சட்டம் அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே போய் நின்றது. கையை ஊன்றித் தன் எடை முழுவதையும் சீட்டின்மேல் போட்டாள். லாம்ப் அணைந்தது. கையை எடுத்தாள். எரிந்தது.

அந்த சீட்டில் இருப்பவர் இறங்கித் தள்ளினால் ஏன் கிளம்புகிறது என்பது விளங்கிவிட்டது. யார் இறங்கித் தள்ளியது என்பதுதான் விளங்கவில்லை. இடுப்புவலி என்று தண்ணீர்க் குடத்தைக்கூட நகர்த்தாத மனிதர், காரைத் தள்ளினாராம். அதுவும் தனியாக.

யாரோ உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும். வீடு திரும்புவதற்கு முன் சீட்டை முன்னால் இழுத்துவைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றிருக்கிறார் மனிதர்.

வேறு யாராவது ஒருத்தியா? இந்த வயதிலா?

தள்ளிய சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள்.

கூரைத் துணியில், அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, வட்டமாக ஒரு தலையெண்ணெய்க் கறை. உட்கார்ந்தபடியே கூரையில் தலை இடிக்கிற உயரம்.

அவளுக்குத் தெரிந்து அந்த உயரம் ஒரே ஒருத்தனுக்குத்தான்.

சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணீர் பின்னாலேயே வந்தது. இரண்டையும் அழுக்குக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஜாயின்டை வெட்டி எறிந்தாள். முழுசாகப் புது ஒயர் இழுத்து, சீட் எட்டாத ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டினாள். சீட்டை மட்டும் முன்னால் இழுக்கவில்லை.

அவர் பேப்பரை மடித்தபடி வந்தார். “என்ன, கிடைச்சுதா?”

“கிடைச்சுது. இனிமே சீட்டை எவ்வளவு பின்னால தள்ளினாலும் நிக்காது. நேரா வீடு வரைக்கும் வரும்.”

சீட்டை முன்னால் இழுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது.

நிமிர்ந்து கூரைத் துணியில் இருந்த கறையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, சீட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.

சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அவள் நின்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, நீளக் கட்டிலுக்கு விரிப்பு எடுக்க உள்ளே போனாள்.