உரைகல்

ஒரே ஒரு தடவை உரசினால் போதும், இவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நான் என்ன செய்வேன்?

டெலியா மோதிரத்தைக் கழற்றி, அடகுக்கடைக் கம்பிவலையின் கீழிருந்த இடைவெளியில் வைத்தாள். கையை உடனே இழுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! மோதிரம் போட்ட சூடே ஆறலை, அதுக்குள்ள அடகா?" பின்னாலிருந்து பிலார் அக்கா சிரித்தாள். மீன் சந்தையில் பக்கத்துப் பலகையில் உட்காருகிறவள். காற்று ஏறியதும் சந்தை கலைந்துவிட, தன் தோட்டை மீட்க வந்திருந்தாள்.

டெலியா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே தகரக் கூரை படபடத்தது. மதியத்திலிருந்து வானொலி புயல் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு நிச்சயமான ருவெல் விடியுமுன் கடலுக்குப் போனவன், இன்னும் கரை சேரவில்லை.

"அவனை நெனச்சுத்தான் இந்த மூஞ்சியா?" பிலார் அக்கா அவள் தோளில் தட்டினாள். "அவன்கிட்ட இருக்கிற ஒரே சொத்து படகுல இருக்கிற அந்த இன்ஜின். காத்து திரும்பினதுமே அதை முடுக்கி, எதிர்த்தீவு மறைவுல போய் ஒதுங்கியிருப்பான். இந்நேரம் எவ வீட்டுலயோ சோறும் கருவாடும் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டிருப்பான், பாரு."

"விடியக்காலையில அவன் படகு போன சத்தமே எனக்குக் கேக்கலக்கா."

"எப்படிக் கேக்கும்? கல்யாணப் பொண்ணு தூக்கம் அப்படி."

தூங்கித்தான் போயிருக்க வேண்டும் என்று டெலியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கம்பிவலைக்கு உள்ளே கடைக்காரர் நெஸ்டர் மோதிரத்தை விளக்கடியில் பிடித்துத் திருப்பினார். "எங்க வாங்கினதும்மா?"

"தெரியாதுண்ணே. கொண்டுவந்து போட்டான்."

"கோயில் வாசல்ல விக்கிற சாமானும் இப்படித்தான் மின்னும். ஒரு மழையில நனைஞ்சா பச்சை பூத்துடும்."

டெலியா சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

ருவெலின் அப்பாவும் அம்மாவும் வறுத்த பன்றியும் சோற்றுப் பானையும் சுமந்து பெண் கேட்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்த்துத் திரும்பியிருந்த சின்னம்மாதான் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்: "விரல்ல ஒண்ணும் போடாம என்ன சம்மதம்? அங்க என் எஜமானியம்மா விரலை நீங்க பாக்கணும். இங்க மீன் செதில்தான் மின்னுது."

எல்லோரும் சிரித்தார்கள். டெலியா தன் இடது கையை மெல்ல மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தை ருவெல் பார்த்துவிட்டான்.

அவள் வெட்கப்பட்டது சின்னம்மாவின் பேச்சுக்காக. ஆனால் அவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? அதை அவள் அவனிடம் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் அவன் மோதிரத்தோடு வந்து நின்றபோதும் கேட்கவில்லை.

"விலையைக் கேக்காதே" என்றான். "அதிகம் இல்ல."

"கோயில் வாசல்லயா?"

அவன் சிரித்தான். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

நெஸ்டர் கறுப்புக் கல்லை எடுத்து முன்னால் வைத்தார். மோதிரத்தின் ஓரத்தை அதில் ஒரு இழு இழுத்தார். மெல்லிய மஞ்சள் கோடு விழுந்தது. அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டார்.

ஆண்டவரே. ஆண்டவரே. அதற்கு மேல் ஜெபம் வரவில்லை அவளுக்கு. என்ன வேண்டுகிறேன் என்று மாதாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

கோடு அழியவில்லை. நெஸ்டரின் புருவம் உயர்ந்தது. பேனா போன்ற ஒரு கருவியின் முனையை மோதிரத்தில் பதித்திருந்த கல்லில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது.

"அட! தங்கமும் சுத்தம், கல்லும் அசல் வைரம். பொடிசுதான், ஆனா அசல்."

"கொடுத்து வெச்சவடி நீ!" பிலார் அக்கா எட்டிப் பார்த்தாள். "அந்த ஊமையனுக்குள்ள இப்படி ஒரு மைனரா? உங்க சின்னம்மாவைக் கூப்பிட்டுக் காட்டு. வாயை மூடிட்டு அடுத்த கப்பல்ல ஏறிடுவா."

"இன்னொரு தரம் உரசிப் பாருங்கண்ணே."

"ஏம்மா, நம்ப முடியலையா?"

"பாருங்க. கொஞ்சம் அழுத்தி."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை மறுபேச்சில்லாமல் உரசவைத்தது. இரண்டாவது கோடும் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. டெலியா இரண்டையும் வெறித்துப் பார்த்தாள்.

"பதினெட்டாயிரம் பேசோ தர்றேன். இந்தக் காத்துல இதுக்கு மேல கடையைத் திறந்து வைக்க முடியாது. சட்டுனு இங்க ஒரு கையெழுத்தைப் போடு."

அவள் கம்பிவலைக்கு அடியில் கைவிட்டு மோதிரத்தை எடுத்தாள். விரலில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்ண்ணே" என்றாள் மெதுவாக.

"இருபது தர்றேன்மா."

அவள் தலையசைத்து மறுத்தாள். வாசலுக்கு வெளியே, தென்னைகளுக்கு அப்பால் கடல் வெளுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கென்னடி பைத்தியமா? அசல்னு ஆயிடுச்சு, காசும் கைக்கு வருது. வேண்டாம்னா அப்புறம் எதுக்கு வந்தே?" பிலார் அக்கா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

டெலியா கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் இன்ஜினை வித்துட்டான்க்கா."