நடுக் கைப்பிடி

“எல்லாரும் நாற்காலி மேல உக்கார்றாங்க. நாற்காலி எப்பப்பா உக்காரும்?”

மகள் மழலை மாறாத வயதில் கேட்டது. அது குதிரை மாதிரி நின்றுகொண்டே தூங்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார்.

பிறகு அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. மரச்சாமான் வடிவமைப்பாளர்கள் கூடும் மேடைகளில் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். பொருளின் பக்கம் நின்று யோசிக்க மகள்தான் கற்றுக்கொடுத்தாள் என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள்.

அந்த மகள் இப்போது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கிடந்தாள். இயந்திரம் ஊதிய காற்றில் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. கல்லூரிக்குப் போன வழியில் ஸ்கூட்டர் சறுக்கியதுதான், அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையில் சொன்னார்.

காத்திருப்பவர்களுக்குச் சுவரோரமாக நீளமான சாம்பல் நிற இருக்கை. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே வளைந்த ஸ்டீல் கைப்பிடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உட்காரலாம், படுக்க முடியாது. தரையில் படுத்தால் காவலாளி வந்து எழுப்பிவிடுவார்.

மனைவிக்கு முதுகில் பழைய வலி. விபத்து நடந்த அன்றிலிருந்து உட்கார்ந்தே இருந்தாள். கண் அசந்து ஒரு பக்கம் சரிவாள். கைப்பிடி விலாவில் குத்தும். திடுக்கிட்டு நிமிர்வாள். மறுபடி சரிவாள்.

பக்கத்தில் ஒரு தையல்காரம்மா. கணவருக்குப் பக்கவாதம். உள்ளே போனவர் இன்னும் பேசவில்லை. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அந்த அம்மாதான்.

“இதைச் செஞ்ச மகராசன் வீட்ல யாருக்கும் உடம்புக்கே வராது போலிருக்கு” என்றபடி தையல்காரம்மா எழுந்தார். “கீழ வாம்மா. என் மடியில தலை வச்சுப் படு.”

மனைவி ஒரு கணம் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையில் இறங்கினாள்.

தையல்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, தன் போர்வையை எடுத்து மூடினார்.

காவலாளி வந்துவிட்டார். “யம்மா, இங்க படுக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? அப்புறம் நான்தான் திட்டு வாங்கணும்.”

“வாங்கிக்குங்க தம்பி. ஒரு பொம்பளை தூங்குனதுக்காகத் திட்டு வாங்குனா அது புண்ணியத்துல சேரும். இவ்வளவு பெரிய மீசை வச்சிருக்கீங்க, இதுக்குப் போய் பயந்தா எப்படி?”

காவலாளி மீசையை நீவிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தபடி நடந்து போய்விட்டார்.

மனைவி தூங்கிப்போனாள். குறட்டைகூட வந்தது.

வெயில் சன்னலை விட்டு நகரும்வரை தையல்காரம்மா அசையவில்லை. கால் மரத்துப்போயிருக்கும், எழுப்பிவிடவா என்று அவர் கேட்டதற்கு, “விடுங்கண்ணே. மெஷின் மிதிச்ச காலு, தாங்கும்” என்றார்.

வேண்டியதைக் கடவுள் எப்போதும் தருவதில்லை. தராத நாளில், யாரோ ஒருவரின் மடியாக வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் அவரைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் மனைவியை உடனே எழுப்பவில்லை. மகள் இன்னும் சற்று நேரம் உயிரோடு இருக்கட்டும், அவளுக்கு மட்டுமாவது.

பிறகு எழுப்ப வேண்டியிருந்தது.

தம்பியும் தம்பி மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அழுகையும் கையெழுத்துகளும் முடிந்து, மகளைக் கீழே வண்டிக்குக் கொண்டுபோனார்கள். மனைவியைத் தம்பி மனைவி அணைத்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

பையை மேலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி அவர் மட்டும் திரும்பி வந்தார்.

அது நோயாளிகளைப் பார்க்கும் நேரம். எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள், தையல்காரம்மாவும்தான். கூடத்தில் ஒருவரும் இல்லை. அந்த அம்மாவின் இடத்தில் மடித்த போர்வையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. அவர் கணவர் எழுந்து நடக்க இன்னும் எத்தனை காலம் ஆகுமோ, நடப்பாரோ என்னவோ. அதுவரை அந்த அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் இருக்கைக்கு முன்னால் மண்டியிட்டார். சாவிக்கொத்தில் கிடந்த, திருகு கழற்றும் ஆலன் கீயை விரித்தார்.

கைப்பிடியில் திருகு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருக்கையிலிருந்தே அது முளைத்து வளைந்ததுபோல் இருந்தது. எந்தத் தச்சரும் பட்டறைக்காரரும் அதைக் கழற்றும் வழியைத் தேடிக் களைத்துப்போவார்.

அவர் தேடவில்லை. விரல் நேராக அடிப்பக்கத்து விளிம்பின் மடிப்புக்குள் போய், அங்கிருந்த சின்ன ரப்பர் மூடியை நெம்பியது. அதற்குள் திருகை வைத்தால் யாராலும் கழற்ற முடியாது என்று, அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வரைந்து காட்டியவர் அவர்தான்.

ஒரு கைப்பிடி வந்தது. அடுத்ததும் வந்தது. ஒரு மனுஷி கால் நீட்டிப் படுக்க அவ்வளவு இடம் போதும்.

இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார். போர்வையை விரித்துப் பரப்பிவிட்டு, கதவு திறக்கும் சத்தம் கேட்பதற்குள் படி இறங்கினார்.

கீழே, மகளை ஏற்றிய வண்டி அவருக்காகக் காத்திருந்தது.