மலிவான பெட்டி

க்ரோனிங்கன் நகரில், ஈமச்சடங்கு ஏற்பாட்டாளருக்குக் காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்த ஹார்மன், டப்பாவை மூடிவிட்டார்.

"இருக்கறதுலயே மலிவான பெட்டி போதும். பூ வேண்டாம்."

அப்போதுதான் உள்ளே வந்த மகள் ஃபெம்கே கொதித்தாள்.

"முதியோர் இல்லத்துல அம்மா இன்னும் உயிரோட இருக்காங்க. அதுக்குள்ள பெட்டிக்குப் பேரமா? கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவே இல்லையாப்பா?"

ஏற்பாட்டாளர் படிவத்தை எடுத்தார்.

"பேரு சொல்லுங்க சார்."

"என் பேரையே போடுங்க."

ஃபெம்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தேதி?"

"வர்ற வியாழன் காலையில, நான் கேட்டபடி உயிரை முடிச்சுவைக்கற கடைசி ஊசி போட டாக்டர் வர்றாரு. இந்த நாட்டுச் சட்டப்படி எல்லாம் கையெழுத்தாச்சு. அடக்கம் திங்கட்கிழமை வைங்க."

பிறகு மகளிடம் திரும்பினார்.

"புற்றுநோய்ம்மா, வலி தாங்கல. உங்கம்மா இன்னும் பத்து வருஷம் இருப்பா. இல்லத்துல தோட்டம் தெரியற அவளோட அறைய மட்டும் மாத்திடாதே."