நாலும் ஆறும்

அக்காவுக்கு இடது கால் சிறியது. இடதுக்கு நாலாம் அளவு, வலதுக்கு ஆறாம் அளவு. செருப்பு எடுக்கப் போனால் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றை வீசிவிடுவோம். கடைக்காரருக்கு எங்களைக் கண்டாலே குஷி.

ஆர்க்டிக் வானத்தில் பச்சை ஒளி ஆடும் படத்தைக் காலண்டரிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியவள் அவள்தான். பார்க்கப் போனவன் நான். பனியில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் நான் என்னத்தைப் பார்ப்பது? ஆபீஸ் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சுற்றுலாக் குழு ஒன்றோடு போய் ஒளியைப் பார்த்தோம். கிளம்பும் நாளில், வாடகைக்குக் கொடுத்த பனிக்காலணிகளை எங்களைக் கூட்டிவந்த சுற்றுலாக்காரர் எண்ணி வாங்கினார்.

“பன்னெண்டு பேர்தானே வந்தோம்? பதிமூணு ஜோடி இருக்கே.” கடைசி ஜோடியைத் தூக்கிக் காட்டினார். “இடது நாலு, வலது ஆறு. ரெண்டும் ஈரமா இருக்கு. யாரோடதுங்க இது?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“எனக்குத் தெரியாது” என்றேன். என்னைத் தனியாக யாரும் கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, அக்கா பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றி இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பயிற்சியெல்லாம் நல்லா நடந்துச்சாடா?”

“நடந்துச்சுக்கா.” அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“அதை அப்புறம் திறக்கலாம். நீயும் வந்து கால வை. அவ்வளவு நேரம் பனியில நின்னியே.”

சின்னக் காலை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.