கரும்பலகையில் ஒரு கையெழுத்து

சலவைக்கூடத்துக் கரும்பலகையில் அன்றைய சொல் 'நாவடக்கம்'.

தினமும் காலையில் சூப்பர்வைசர் ஒரு நல்ல சொல்லை எழுதுவார். கீழே பொருள். அதற்கும் கீழே, கூடத்தில் வேலை செய்யும் யாரையாவது வைத்து ஒரு வாக்கியம். வாக்கியத்தில் வருகிறவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் மெஷின்கள் ஓடும்.

'நாவடக்கம்: பேச வாய்ப்பிருந்தும் பேசாதிருத்தல். நேற்று அத்தனை கூச்சலிலும் நம் பூட்டு நாவடக்கம் காத்தார்.'

பூட்டு என்பது மடிப்பு மேசையில் நின்ற இளைஞன்தான். வாயைத் திறக்கமாட்டான் என்பதால் இஸ்திரி மேசைக்காரர்கள் வைத்த பெயர்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

நேற்றைய கூச்சல் பக்கத்து மேசை அக்காவுடையது. அவள் மேசையில் ஒரு மாப்பிள்ளைக் கோட்டு முதுகில் தீய்ந்து கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன், இஸ்திரிப் பெட்டியை நான் வைக்கவே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினாள். சூப்பர்வைசரின் பரம்பரையையே இழுத்தாள். கோட்டால் பாதி, வாயால் பாதி. வேலை போய்விட்டது.

அது முடியும்வரை அவன் தலை நிமிராமல் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பூட்டு, வெக்கமா? சாவி கொண்டாரணுமா?" என்றது பின்வரிசை. சிரிப்பு.

சூப்பர்வைசர் சாக்கட்டியை நீட்டினார். அவன் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து அவர் இன்னும் உருகினார்.

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போக.



அவள் பலகையை ஒரு வரி விடாமல் படித்தாள். அடுத்த வெடி எப்போது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒரு வாக்கியம் போதும், அவள் வேலை திரும்பிவிடும். அவனுக்குத் தெரியும். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டப்பாவோடு அவனைக் கடக்கும்போது அக்கா நின்றாள். பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்தாள். பதினோரு வருஷம் பெட்டி பிடித்தவள்.

அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கொப்புளத்தை ஒடச்சிராத தம்பி. பெட்டி சுட்டது லேசுல ஆறாது."

போய்விட்டாள். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

விரல் விண்விண் என்று தெறித்தது. நேற்று அவசரத்துக்கு அவள் பெட்டியை எடுத்தவன், யாரோ கூப்பிட்டார்கள் என்று அதைக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய், கருகல் வாடைக்கு ஓடிவந்து பறித்தபோது பட்டது.

சூப்பர்வைசர் மறுபடி சாக்கட்டியை நீட்டினார்.

இடது கையால் வாங்கினான். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

மெஷின்கள் ஓடத் தொடங்கின.